ஏழு கிலோ நாட்டாமை

கொஞ்ச நாளா இந்தப் பக்கம் வரல மக்களே. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. இன்னைக்கும் வந்திருக்க மாட்டேன். ஆனா ஒரு எரிச்சல். எழுதித் தீத்தாத்தான் தூக்கம் வரும்.

நடு ஏர்போர்ட்ல பெட்டியத் தரையில தொறந்து போட்டுட்டு, வேட்டியையும் பருப்புப்பொடி டப்பாவையும் இந்தப் பையில இருந்து அந்தப் பைக்கு மாத்திக்கிட்டு இருப்பாங்க பாருங்க ஒரு குடும்பம். அதப் போட்டோ எடுத்துப் போட்டு, 'நம்ம ஆளுங்க திருந்தவே மாட்டாங்க'ன்னு ஒரு வரி எழுதி, அதுக்குக் கீழ நாப்பது பேரு ஹிஹின்னு சிரிக்கறது. இது ஒரு வியாதியா பரவிக்கிட்டு இருக்கு. சிரிக்கறவன் யாருன்னு பாத்தா என்னைய மாதிரி பொட்டி தட்டுறவன்தான். மூணாவது ஆன்சைட்டுல ட்ராலி உருட்டக் கத்துக்கிட்டவன், முதல் தடவ வர்ற சம்சாரியப் பாத்து சிரிக்கறான். அந்த நாப்பது பேருக்குத்தான் இந்தப் பதிவு.

நான் சொல்ல வர்றது இதுதான். கைப்பை விதிகள் புரியாம முழிக்கறது நம்ம ஆளுங்களோட தப்பு இல்ல. உயிரக் காப்பாத்தற விதி, பயத்துல வந்த விதி, காசு பாக்கறதுக்காக வந்த விதின்னு மூணு இருக்கு. மூணையும் ஒரே பையில போட்டுக் குலுக்கி, 'எல்லாமே பாதுகாப்பு சார்'ன்னு ஒரே குரல்ல சொல்றாங்க. அப்படிச் சொல்றதுதான் தப்பு. ஒண்ணொண்ணா பிரிச்சுப் பாப்போம்.

முதல்ல உயிர் சம்பந்தப்பட்டது. இதுல விளையாட்டே கிடையாது. பவர் பேங்க் செக்-இன் பெட்டியில போகவே கூடாது, கைப்பையில மட்டும்தான். காரணம் எளிது. லித்தியம் பேட்டரி சூடாகித் தீப்பிடிச்சா, சீட்டுக்கு மேல இருந்தா ஆளுங்க பாத்து அணைக்கலாம். கீழ சரக்கு அறையில பிடிச்சா யாரு பாக்கறது? 2025 ஜனவரி 28-ல தென் கொரியாவுல ஏர் பூசன் விமானம் ஒண்ணு கிளம்பறதுக்கு முன்னாடி தரையில நிக்கும்போதே தீப்பிடிச்சுது. உள்ள இருந்த 176 பேரும் தப்பிச்சாங்க. பவர் பேங்க்தான் காரணமா இருக்கலாம்னு விசாரணையில சொன்னாங்க. அதுக்கப்புறம் பல விமான நிறுவனங்கள் விதிய இன்னும் இறுக்கிட்டாங்க. சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் ஸ்கூட்டும் 2025 ஏப்ரல் 1-ல இருந்து, பறக்கும்போது பவர் பேங்க்க பயன்படுத்தறதையே தடை பண்ணிட்டாங்க. கொண்டு போலாம், சார்ஜ் போடக் கூடாது.

அளவு 100 வாட் ஹவர். ஆனா கடையில விக்கறது மில்லி ஆம்பியர் கணக்குல. எங்க மாமா எந்தக் காலேஜ்ல போயி இத மாத்தக் கத்துக்குவாரு? சரி, நான் சொல்றேன். பவர் பேங்க் மேல போட்டிருக்கற மில்லி ஆம்பியர் ஹவர 3.7-ஆல பெருக்கி ஆயிரத்தால வகுங்க. 20,000 போட்டிருந்தா 74 வாட் ஹவர், பிரச்சினை இல்ல. 27,000 வந்தா கிட்டத்தட்ட 100, அதான் எல்லை. 30,000-ன்னா 111, விமான நிறுவனத்துக்கிட்ட முன்னாடியே அனுமதி வாங்கணும். இத டிக்கெட்டுலயே ஒரு வரியில போட எவ்வளவு மை செலவாகும்?

தீப்பெட்டியும் இந்த வகைதான். திருவேங்கடத்துக்காரன் நான் இதச் சொல்றது கொஞ்சம் வேடிக்கைதான் :-) கோவில்பட்டி, சாத்தூர், கழுகுமலை, எங்க ஊருன்னு இந்தப் பக்கமே தீப்பெட்டியில சோறு தின்ன மண்ணு. ஆனா நம்ம நாட்டு விமானத்துல தீப்பெட்டி, லைட்டர் ரெண்டும் கைப்பையிலயும் கூடாது, பெட்டியிலயும் கூடாது. நியாயம்தான். எங்க ஊர்ல மருந்து உரசி எரிஞ்ச கதை தெரிஞ்ச எவனும் இதுக்கு எதிர்த்துப் பேச மாட்டான். விதிக்குக் காரணம் புரிஞ்சா நம்ம ஆளுங்க மீறறதே இல்ல, அதான் விஷயம்.

ரெண்டாவது, பயத்துல வந்த விதி. 100 மில்லிக்கு மேல திரவம் கூடாதுங்கறது. இது எங்க இருந்து வந்துச்சு? 2006 ஆகஸ்ட்ல லண்டன்ல ஒரு சதியக் கண்டுபிடிச்சாங்க. குளிர்பான பாட்டில்ல வெடிபொருள் திரவத்த அடைச்சுக்கிட்டு, அமெரிக்கா போற விமானங்கள்ல ஏறப் பாத்திருக்காங்க. உடனே பல நாடுகள்ல தடை. கொஞ்ச மாசத்துல அதையே 100 மில்லி பாட்டில், ஒரு லிட்டர் ஒளி ஊடுருவற பைன்னு தளர்த்தினாங்க. அப்போதைய ஸ்கேனரால திரவத்தப் பிரிச்சுப் பாக்க முடியல, அதனால அந்த விதி. இப்ப முடியுது. அதனாலதான் 2025 ஜூலையில ஐரோப்பிய ஆணையம், புது ரக ஸ்கேனர் இருக்கற ஏர்போர்ட்கள்ல 100 மில்லிய எடுத்துடலாம்னு வழி விட்டுச்சு. அமெரிக்காவுல செருப்பக் கழட்டச் சொல்ற கூத்தையும் அதே மாசம் நிறுத்திட்டாங்க. மெஷின் மாறினா விதி மாறும். வானத்துல இருந்து வந்த வேதம் இல்ல இது.

இதுக்கு நம்ம ஊர் உதாரணம் வேணுமா? தேங்காய். கொப்பரைய கைப்பையிலயும் பெட்டியிலயும் அனுமதிக்க மாட்டாங்க. எண்ணெய்ச் சத்து, தானா சூடேறும்னு சரக்கு விதிகள்லயே அபாயப் பொருளா வகைப்படுத்தி வெச்சிருக்காங்க. முழுத் தேங்காயும் கேபினுக்குள்ள போக முடியாது. ஆனா ஐயப்ப சாமிங்க இருமுடியோட வர்றாங்க, அதுக்குள்ள நெய்த் தேங்காய் இருக்கு. இருமுடியத் தலையில இருந்து இறக்கி கன்வேயர்ல போட்டு அனுப்ப எந்தச் சாமியும் ஒத்துக்க மாட்டாரு. கோரிக்கை போச்சு. 2022 நவம்பர்ல விமானப் பாதுகாப்புப் பணியகம் அந்த சீசனுக்கு மட்டும் அனுமதி குடுத்துச்சு. 2024 அக்டோபர்ல மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சரே 2025 ஜனவரி 20 வரைக்கும் கொண்டு போலாம்னு அறிவிச்சாரு. எக்ஸ்ரே, வெடிமருந்துச் சோதனை, கையால சோதனை எல்லாம் முடிச்சுட்டு கேபினுக்குள்ள விட்டாங்க. அதாவது, கேக்க ஆள் இருந்தா வழி பிறக்குது. இத நல்லா ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

இப்ப மூணாவது. நம்ம நாட்டாமை. ஏழு கிலோ.

இந்தியாவுல பெரும்பாலான விமானங்கள்ல எகானமிக்கு கைப்பை ஒண்ணு, ஏழு கிலோ, நீளம் அகலம் உயரம் கூட்டினா 115 சென்டிமீட்டர். 'ஒரே பை'ங்கறது பாதுகாப்புப் பணியகத்தோட விதி. 2000-லயே சுற்றறிக்கை இருக்கு, 2022 ஜனவரியில திரும்ப வலியுறுத்தினாங்க. சோதனை வரிசை சீக்கிரம் நகரணும்னு காரணம் சொன்னாங்க. அது சரி. ஆனா அந்த ஏழு?

ஒரு என்ஜினியரா கேக்கறேன். பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஓட்டறது ஏர்பஸ் ஏ320. நம்ம நாட்டு நிறுவனங்களும் அதே ஏ320 ஓட்டறாங்க. பிரிட்டிஷ் ஏர்வேஸ்ல கைப்பெட்டி 23 கிலோ வரைக்கும் கொண்டு போலாம், கூட ஒரு சின்னப் பையும். நிபந்தனை என்னன்னா, மேல தூக்கி வைக்க உன்னால முடியணும், அவ்வளவுதான். அமெரிக்காவுல டெல்டா, யுனைடெட், அமெரிக்கன் மூணும் அளவு மட்டும் பாக்கறாங்க, எடைக்கு எல்லையே வைக்கல. அதே இரும்பு, அதே இறக்கை. லண்டன்ல 23 கிலோவத் தாங்கற ரேக்கு, மதுரையில எட்டு கிலோவத் தாங்காதா?

எரிபொருள் செலவுன்னு சொல்வாங்க. இருக்கட்டும், கணக்குப் போடுவோம். 180 சீட்டு. எல்லாரும் ஆளுக்கு ஒரு கிலோ கூடக் கொண்டு வந்தா 180 கிலோ. ஏ320-யோட அதிகபட்ச புறப்பாட்டு எடை சுமார் 78 டன். கால் சதவீதம்கூட வரல. பாதுகாப்புச் சோதனை முடிஞ்சப்புறம் உள்ள இருக்கற கடையில ரெண்டு கிலோ சாக்லேட்டும் பாட்டிலும் வாங்கிப் பை நிறைய ஏத்தினா, பல விமானங்கள்ல எவனும் எடை பாக்கறதில்ல. அம்மா வறுத்த பருப்புப்பொடிக்கு இருக்கற எடை டியூட்டி ஃப்ரீ சாக்லேட்டுக்கு இல்லையா?

'எல்லாரும் பெருசா கொண்டு வந்தா ரேக்ல இடம் ஏது, தலையில விழுந்தா?'ன்னு ஒரு நியாயமான கேள்வி வரும். ஒத்துக்கறேன். இடம் பிரச்சினைன்னா அளவ வைங்க, 115 சென்டிமீட்டர் இருக்கே. தலையில விழறது பயம்னா பத்தோ பன்னெண்டோ வைங்க, காரணத்த எழுதி வைங்க. ஸ்கூட்ல கைப்பையும் சின்னப் பையும் சேத்து பத்து கிலோ குடுக்கறாங்க, அவங்களும் மலிவு விமானம்தான். ஏழுங்கற நம்பருக்கு நான் கண்டுபிடிச்ச ஒரே காரணம், எட்டாவது கிலோவுல இருந்து மீட்டர் ஓட ஆரம்பிக்குதுங்கறது மட்டும்தான்.

இந்த மீட்டரோட வரலாறும் தெரிஞ்சதுதான். 2008-ல அமெரிக்கன் ஏர்லைன்ஸ் முதல் செக்-இன் பெட்டிக்கே 15 டாலர் வாங்க ஆரம்பிச்சாங்க. ஜனங்க எல்லாத்தையும் கைப்பையில திணிச்சாங்க. 2010-ல ஸ்பிரிட் கைப்பைக்கும் காசுன்னுட்டான். ஐரோப்பாவுல இது கோர்ட்டு வரைக்கும் போச்சு. 2014-ல ஐரோப்பிய நீதிமன்றம், நியாயமான எடையும் அளவும் இருக்கற கைப்பை பயணத்துக்கு அவசியமான பொருள், அதுக்குத் தனிக் கட்டணம் கேக்கக் கூடாதுன்னு சொல்லிடுச்சு. 2024 நவம்பர்ல ஸ்பெயின் அரசாங்கம் ரயன்ஏர், ஈஸிஜெட், வூலிங் உட்பட அஞ்சு கம்பெனிக்கு 17 கோடியே 90 லட்சம் யூரோ அபராதம் போட்டுச்சு. அங்க பயணி வழக்குப் போடறான். நம்ம ஊர்ல பயணியவே போட்டோ எடுத்துச் சிரிக்கறோம்.

சரி, இதுல என்ன பெரிய இழப்பு, ஆயிரம் ரெண்டாயிரம் கட்டிட்டுப் போக வேண்டியதுதானேன்னு கேக்கறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன்.

எங்க ஊர் மாமா ஒருத்தர், சொந்தம்தான், பேரு வேண்டாம். மகன் சிங்கப்பூர்ல வேலை. அப்பா அம்மாவ வரவழைச்சு, மெரினா பே துறைமுகத்துல இருந்து மூணு ராத்திரி கப்பல் பயணத்துக்கு டிக்கெட் போட்டிருந்தான். 2022 ஜூன்ல சென்னையிலயே முதலமைச்சர் கொடியசைச்சு சொகுசுக் கப்பல் கிளம்பினதுல இருந்து எங்க பக்கம் பலருக்கும் இந்த ஆசை வந்துருச்சு, தப்பில்ல. கவுண்டர்ல மாமா கைப்பை எட்டு கிலோ நானூறு கிராம். 'கீழ போடுங்க'ன்னு வாங்கி டேக் மாட்டிட்டாங்க. அந்தப் பையில என்ன இருந்துச்சு தெரியுமா? பவர் பேங்க். அத்தையோட பிரஷர் மாத்திரை. மாமாவோட இன்சுலின். அந்தப் பொண்ணு 'உள்ள பேட்டரி, மருந்து இருக்கா'ன்னு தமிழ்ல ஒரு வார்த்தை கேக்கல. பின்னாடி நின்னுட்டு இருந்த ஒரு பையன் தற்செயலாக் கேட்டதால எடுத்துக்கிட்டாங்க. மாமா அப்புறம் என்கிட்ட சொன்னது: "நான் என்ன மாப்ள, கள்ளக்கடத்தலா பண்ணேன்? திருடன நிக்க வெச்ச மாதிரி நிக்க வெச்சுட்டாங்களே."

கவனிங்க. காசு விதிய அமல்படுத்தப் போயி உயிர் விதிய மீறி இருக்காங்க. சரக்கு அறைக்குப் போகவே கூடாத பவர் பேங்க்க, ஒரு கிலோ நானூறு கிராமுக்காக அவங்களே உள்ள அனுப்பப் பாத்தாங்க. இன்சுலின் கீழ உறைஞ்சு போனா மருந்தே வீண். ஏழு கிலோவையும் 100 வாட் ஹவரையும் ஒரே மாதிரி 'ரூல்ஸ் சார்'ன்னு சொன்னா இப்படித்தான் ஆகும். எது முக்கியம்ங்கறது பயணிக்கும் தெரியாது, கவுண்டர்ல நிக்கறவங்களுக்கும் மறந்துரும்.

கப்பலுக்குப் போறவங்களுக்கு இது இன்னும் பெரிய சிக்கல். சாதாரணமா ஊருக்குப் போனா, காணாமப் போன பெட்டி ரெண்டு நாள்ல வீட்டுக்கு வந்துரும். கப்பல் நிக்காது. சாயங்காலம் கிளம்பினா கிளம்பினதுதான். மூணு ராத்திரி பயணம்னா பெட்டி வந்து சேர்றதுக்குள்ள கப்பலே திரும்பி வந்துரும். பெட்டி ஒழுங்கா வந்தாலும், துறைமுகத்துல அத வாங்கிட்டு, அறைக்கு சாயங்காலம்தான் கொண்டு வந்து வைப்பாங்க. அதுவரைக்கும் கையில இருக்கறதுதான் சொத்து. நஷ்டஈடு? மான்ட்ரியல் ஒப்பந்தத்துல இந்தியா 2009-ல சேந்துருச்சு, சர்வதேசப் பயணத்துல பெட்டி தொலைஞ்சாலோ தாமதமானாலோ 2024 டிசம்பர் 28-ல இருந்து அதிகபட்சம் 1,519 எஸ்டிஆர். நம்ம காசுல ஒன்றரை லட்சத்துக்கு மேல. ஆனா அது மேல் வரம்பு, நஷ்டத்தக் காட்டினாத்தான். சேதம்னா ஏழு நாள், தாமதம்னா பெட்டி கைக்கு வந்ததுல இருந்து 21 நாளுக்குள்ள எழுத்துல புகார் குடுக்கணும். இன்சுலின் இல்லாம கடல் நடுவுல ஒரு ராத்திரி போனா, அதுக்கு எந்த எஸ்டிஆர்ல கணக்கு?

இதோட முடியல. விமானம் விட்டத கப்பல் விடாது. இஸ்திரிப் பெட்டி, கெட்டில், தண்ணி கொதிக்க வைக்கற காயில், மெழுகுவர்த்தி இதெல்லாம் பல கப்பல்கள்ல தடை. கப்பல்ல தீதான் முதல் எதிரி. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்கூட பல கப்பல்ல வாங்கி வெச்சுக்குவாங்க. வீட்டுல செஞ்ச சாப்பாடு பெரும்பாலும் விட மாட்டாங்க, சீல் உடைக்காத பாக்கெட் பலகாரம்னா ஒத்துக்குவாங்க. நடுவுல சிங்கப்பூர் சட்டம் வேற. சூயிங் கம், இ-சிகரெட் ரெண்டுமே வில்லங்கம்.

இப்ப எண்ணிப் பாருங்க. பாதுகாப்புப் பணியகம், விமானக் கம்பெனி, சிங்கப்பூர் அரசாங்கம், கப்பல் கம்பெனி. நாலு பேரு, நாலு பட்டியல், ஒண்ணுக்கொண்ணு ஒத்துப் போகாது. மாமா வீட்டுக்கு வந்த டிக்கெட்டப் பாத்தேன். தமிழ்ல ஒரு எழுத்து இல்ல. சாங்கி ஏர்போர்ட்ல இறங்கினா போர்டுல தமிழ் இருக்கு. வெளிநாட்டுல படிக்க முடியுது, உள்ளூர்ல கிளம்பும்போது படிக்க முடியல. 'எல்லாம் நெட்லதான் இருக்கே'ங்கறவரே, நீங்க கடைசியா எப்ப அந்த நாலு பட்டியலையும் முழுசாப் படிச்சீங்க?

ஐயப்ப சாமிங்களுக்கு வழி பிறந்ததுன்னு சொன்னேன்ல? அதே மாதிரி நாமளும் கேக்கணும். பெருசா ஒண்ணும் வேண்டாம்.

ஒண்ணு, டிக்கெட்டோட தமிழ்ல ஒரு பக்கம். எது உயிர் விதி, எது கட்டண விதின்னு தனித்தனியா.

ரெண்டு, ஏர்போர்ட் வாசல்லயே இலவசமா ஒரு எடை மெஷின். வரிசையில நின்னப்புறம் அவமானப்பட வேண்டியதில்ல.

மூணு, கைப்பைய வாங்கிக் கீழ போடறதுக்கு முன்னாடி 'பவர் பேங்க் இருக்கா, மருந்து இருக்கா'ன்னு பயணியோட மொழியில கேக்கறது கட்டாயம்.

நாலு, ஏழுன்னா ஏன் ஏழு, காரணம் சொல்லுங்க. சொல்ல முடியலன்னா பத்தாக்குங்க.

இது நடக்கற வரைக்கும் உங்க வீட்டுப் பெரியவங்க கிளம்பும்போது, பெரிய கைப்பைக்குள்ள ஒரு சின்ன துணிப்பை வெச்சு விடுங்க. அதுல பாஸ்போர்ட், கப்பல் டிக்கெட், பயணம் பூராவுக்குமான மாத்திரையும் அதுக்கு மேல ரெண்டு நாளைக்கும், டாக்டர் சீட்டு, இன்சுலின், கண்ணாடி, பவர் பேங்க், நகை, ஒரு மாத்துத் துணி. பெரிய பைய வாங்கினா வாங்கிட்டுப் போகட்டும், இந்தத் துணிப்பைய உருவிக் கையில எடுத்துக்கச் சொல்லுங்க. 'மருந்து இருக்கு, பேட்டரி இருக்கு, கீழ போடக் கூடாது'ன்னு ஒரு சீட்டுல இங்கிலீஷ்ல எழுதி மேல ஒட்டிருங்க. மாமாவுக்கு அடுத்த தடவைக்கு நான் எழுதிக் குடுத்துட்டேன்.

அப்புறம் அந்த நாப்பது பேருக்கு. அடுத்த தடவ தரையில பெட்டியத் தொறந்து வெச்சுக்கிட்டு ஒரு குடும்பம் உக்காந்திருந்தா, போன உள்ள வைங்க. பக்கத்துல போயி, "அண்ணாச்சி, பவர் பேங்க்கும் மாத்திரையும் எந்தப் பையில வெச்சிருக்கீங்க?"ன்னு கேளுங்க. அரை நிமிஷம் ஆகாது.

டிஸ்கி: 'பைய எடை போடறவன் ஆளையும் எடை போட்டா என்ன ஆகும்'னு யாராவது பின்னூட்டத்துல ஆரம்பிச்சீங்கன்னா நான் ஆட்டத்துக்கு வரல, என் எடை அப்படி :-) மத்தபடி உங்க ஊர் ஏர்போர்ட்ல இந்த ஏழு கிலோவ எப்படி அமல்படுத்தறாங்கன்னு எழுதுங்க. சேத்து ஒரு கோரிக்கையாத் தட்டி அனுப்பிருவோம்.